பட்டாபட்டி வண்டின் படையெடுப்பு

மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடு. யாரோ பட்டாபட்டி அண்டிராயரைக் கிழித்துப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். 1824ல் தாமஸ் சே என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இந்த வண்டுக்குப் பேர் வைத்தபோது, அது ராக்கி மலைப் பக்கம் கத்தரிக் குடும்பத்து முட்செடி ஒன்றைக் கடித்துக்கொண்டு, தானுண்டு தன் முள்ளுண்டு என்று கிடந்தது.

குடியேறிகள் சும்மா இருந்தார்களா? மேற்கே வண்டி கட்டிப் போய் உருளைக்கிழங்கு நட்டார்கள். அதுவும் அதே குடும்பத்துச் செடிதான்; முள் கிடையாது, ஏக்கர் கணக்கில் இலை. பந்தியை விரித்துவிட்டு வராதே என்றால் யார் கேட்பார்கள்? 1859ல் நெப்ராஸ்காவில் கை நனைத்த வண்டு, 1874க்குள் அட்லாண்டிக் கரையில் ஏப்பம் விட்டது.

விவசாயிகள் பாரிஸ் பச்சையைக் கையில் எடுத்தார்கள். தாமிரமும் ஆர்செனிக்கும் சேர்ந்த பெயிண்ட் தூள் அது. சுவருக்குப் போகவேண்டியது செடிக்குப் போயிற்று. அந்தக் கிழங்கையும் வேகவைத்துத் தின்று பிள்ளை குட்டி பெற்றவர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

ஐரோப்பா உஷாரானது. 1875ல் ஜெர்மனி அமெரிக்க உருளைக்கிழங்குக்குத் தடை போட்டது. வண்டுக்கு அரசாணை படிக்கத் தெரியாது. 1877ல் ரைன் கரையில் ம்யூல்ஹைம் வயலில் வந்து உட்கார்ந்தது. பிரஷ்யா ராணுவத்தை அனுப்பி வயலையே கொளுத்தியது. பிரான்ஸைத் தோற்கடித்து ஏழு வருஷம்கூட ஆகாத படை, எதிரி விரல் நகம் அளவுதான். அந்தச் சுற்றில் படைக்குத்தான் வெற்றி. வண்டு அவசரப்படவில்லை. 1922ல் பிரான்ஸின் போர்தோ பக்கம் வேரூன்றி, நிதானமாகக் கிழக்கே நடந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெரிய மனிதர்களுக்கு மூளை வேலை செய்தது. எதிரி விமானத்திலிருந்து வண்டைக் கொட்டினால் என்ன ஆகும்? ஜெர்மானியர்கள் 1943ல் சோதித்தே பார்த்தார்கள்: 14,000 வண்டுகளை வானத்திலிருந்து கொட்டினார்கள். எங்கே? தங்கள் சொந்த ஊரான ஷ்பயர் பக்கத்து வயல்களில்! தேடிப் பொறுக்கியதில் நூறுகூடத் தேறவில்லை. மிச்சம் எங்கே போனது என்று கேட்கிற தைரியம் அந்த ஆட்சியில் எவனுக்கு இருந்திருக்கும்?

1950ல் கிழக்கு ஜெர்மனியில் வயலெல்லாம் வண்டு. அமெரிக்க விமானங்கள் கொட்டிய சதி என்று அரசு போஸ்டர் அடித்தது. வண்டுக்கு ‘அமி வண்டு’ (அதாவது அமெரிக்கன் வண்டு) என்று பட்டமும் கட்டியது. அதுவோ ஏற்கெனவே நடந்தே வந்து அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. போர் முடிந்தபின் அடிக்க மருந்துதான் இல்லை. அதைச் சொன்னால் விவசாயத் துறை பதில் சொல்ல வேண்டும். ஏகாதிபத்தியத்தைச் சொல்லிவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் கையில் டப்பாவைக் கொடுத்துப் பொறுக்க அனுப்பலாம். அனுப்பினார்கள்.

மேற்கே மட்டும் என்ன வாழ்ந்தது? டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948ல் நோபல் பரிசு. சுவிட்சர்லாந்தில் அதற்கு முதல் வேலையே இந்த வண்டைக் கொன்று காட்டியதுதான். நோபல் வாங்கி நாலே வருஷத்தில், நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் வண்டு டிடிடியையும் செரித்துவிட்டது. பரம்பரை பரம்பரையாக நச்சுச் செடியை மென்ற குடும்பம். விஷம் செரிப்பது அதற்குக் குலத்தொழில். இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளை உலகின் ஏதாவது ஒரு மூலையில் அது ஏய்த்திருக்கிறது.

இப்போது கேஸ் தீயால் வாட்டுகிறார்கள், டிராக்டரில் உறிஞ்சும் குழாய் கட்டி இழுக்கிறார்கள். இடம் மாற்றிப் பயிர் வைக்கிறார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வேறொன்று: மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்த வண்டு வசந்தத்தில் பெரும்பாலும் நடந்தேதான் வயலுக்கு வரும்; அதனால் வயலோரம் பள்ளம் தோண்டி பிளாஸ்டிக் விரித்து வைக்கிறார்கள். விழுந்தது ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டே கிடக்கும். இதுவரை எந்த வண்டும் பள்ளத்துக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்ததாகத் தகவல் இல்லை.