ஏழு நாள் கடற்கரைத் திட்டம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு வாரக் கடற்கரைச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் தூத்துக்குடிதான். நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திட்டம் போடத்தான் இரண்டு மாதம் ஆகும். வழிநெடுகக் கரிசல், சீமைக்கருவேலம், மறுபடியும் சீமைக்கருவேலம். நடுவே எட்டயபுரத்தில், 1882-இல் பாரதி பிறந்த வீட்டு வாசலில் ஒரு படம்.

தங்கியிருந்து தினம் ஒரு திசையில் கார்ப் பயணம் என்பது ஏற்பாடு. மணப்பாடு, கடற்கரைச் சாலையில் வேம்பார், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நிறையும். அப்புறம்தான் கழித்தல் கணக்கு. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு நாள், மல்லிகைப் பூ எடுப்புக்கு மூன்று நாள், லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்கு ஒரு நாள். (திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறும் மன்னார் வளைகுடாவுக்குத்தான் கிளம்புகிறது, பாவம்.)

மிஞ்சுகிற ஒரு நாள் திருச்செந்தூர். கடலில் முழுக்கு, நாழிக்கிணறு, தரிசன வரிசை. திரும்பும்போது தூத்துக்குடியில் அரைக்கிலோ மக்ரூன் வாங்கப்படும். அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டென்பதைப் பாட்டியிடம் யாரும் சொல்வதில்லை. பந்தல்குடி வருவதற்குள் பொட்டலம் காலி.