பத்து வருசத் திட்டம் போட்ட பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நீ சுவத்துல ஒட்டி வச்சிருக்க பத்து வருசத் திட்டத்தைக் கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சேன். கலர் கலராக் கோடு. மொத வருசம் டெவலப்பர், மூணாம் வருசம் சீனியர், அஞ்சாம் வருசம் அமெரிக்கா, ஏழாம் வருசம் மேனேஜர், பத்தாம் வருசம் சோழிங்கநல்லூர்ல மூணு பெட்ரூம் ஃபிளாட்டு. கல்யாணம் எந்த வருசம்னுகூடக் குறிச்சிருக்க. பொண்ணு வீட்டுக்குத்தான் இன்னும் தகவல் போகல. எல்லாம் இருக்கு. காலையில ஆபீஸ்ல போயி உக்காந்து என்ன சோலி செய்வங்கிறது மட்டும் ஒரு மூலையிலயும் காணோம். சரி, அது சின்ன விசயம், விடு. மூணாங்கிளாஸ் தாண்டாத கிழவன், எனக்கென்ன தெரியும்? நம்ம தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு இஞ்சினியர் இருக்கான். அவனுக லீவுக்கு வந்து திண்ணையில பொலம்புறதக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி டிகிரி வந்துட்டுது. அதை வச்சுச் சொல்லுதேன்.

மெட்ராசுல ஏதோ சென்டர்ல 45,000 கட்டுனா ஆறு வாரத்துல ‘ஃபுல் ஸ்டாக்’ ஆயிரலாம்னு உங்கப்பன்கிட்ட சொல்லியிருக்கியாம். நல்ல காரியம். உங்கப்பன்கிட்ட துட்டு மூட்டை மூட்டையாக் கிடந்து பூசணம் பிடிக்கி, பாவம். ஐஐடி வாத்தியாருமாரு நடத்துற பாடத்தை என்பிடெல்னு பேரு வச்சு வருசக்கணக்கா சும்மாவே பாக்க விட்டிருக்காங்க. அந்தப் பக்கம் போயிராத. சும்மா கிடைக்கதுல என்ன கௌரவம் இருக்கு? போதாக்குறைக்கு அந்த வாத்தியாருமாரு அஸைன்மென்ட் வேற போடச் சொல்லுதாங்க.

“இப்ப எந்த லாங்குவேஜ் தாத்தா ஓடுது?”ன்னு என்கிட்டயே வந்து கேக்க பாரு, அங்கதான் நீ நிக்க. கேட்டுக்கோ. எங்கப்பன் கமலை கட்டி எறச்சான். நான் ஆயில் எஞ்சின் வச்சேன், பொறவு கரண்டு மோட்டாரு. இப்ப உன் சித்தப்பன் சோலார் பம்பு மாட்டியிருக்கான். தண்ணி அதே கிணத்துல, அதே ஆழத்துலதான் கிடக்கு. ஊத்துக்கண் எங்கன இருக்குன்னு தெரிஞ்சவன் எந்தப் பம்பையும் மாட்டுவான். நீ பம்பு கம்பெனிக்காரன் நோட்டீசை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு அலையுத. ஒரு காலத்துல ஃபிளாஷ்னு ஒண்ணு இருந்துச்சு, அது தெரிஞ்சவன் காட்டுல மழைதான். 2020 டிசம்பர் 31-ஓட அடோபிக்காரன் அதுக்குக் கருமாதி பண்ணிட்டான். 1959-ல பொறந்த கோபோல் என்னை மாதிரி கிழடு, இன்னைக்கும் பேங்கு கம்ப்யூட்டர்ல மூச்சு விட்டுக்கிட்டுக் கிடக்கு. 2000 பொறக்கும்போது வருசத்தை ரெண்டு இலக்கத்துல எழுதி வச்ச புரோகிராமெல்லாம் குழம்பும்னு ஊரே பதறிச்சே, அன்னைக்கு நம்ம ஊருப் பிள்ளைகளை பிளேன் ஏத்திவிட்டது இந்தக் கிழடுதான். அதனால எது ஓடுது, எது சாவுதுன்னு குறி கேக்காத. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ்னு காலேஜ்ல நாலு பேப்பர் இருந்துச்சே, பாஸ் பண்ணுன மறுநாளே எடைக்குப் போட்டியே, அதைத் திரும்பி எடு.

எர்ரர் வந்தா அது என்ன சொல்லுதுன்னு மட்டும் படிச்சிராத, கண்ணு கெட்டுப் போவும். அப்படியே தூக்கிச் சாட்ஜிபிடியில போடு. 2022 நவம்பர்ல அது வந்ததுல இருந்து உனக்கு வலதுகையே அதுதானாமே. அது எழுதித் தருது, நீ ஒட்டுத. ஒரு சின்னச் சந்தேகம்லே, கோவிச்சுக்காத. எழுதுறது அது, ஒட்டுறது நீ. ஒட்டுறதுக்கு எதுக்குலே ஒருத்தன் மாசாமாசம் சம்பளம் தருவான்? அது எழுதினதை வரி வரியாப் படிச்சு, ‘இந்த எடத்துல தப்பு, லட்சம் பேரு ஒரே நேரத்துல வந்தா இது படுத்துரும்’னு சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் இனி துட்டு. அப்படிச் சொல்லணும்னா ஒரு தடவையாவது சொந்தக் கையால எழுதிப் படுக்க வச்சிருக்கணும்.

இப்ப ஆஃபர் லெட்டருக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச இலக்கியம் அது. 4 லட்சம் சிடிசின்னு இருந்தா உடனே 12-ஆல வகுத்து 33,000 சொச்சம்னு பைக்குக்கு அட்வான்ஸ் குடுத்திருவ. தாளைத் திருப்பிப் பாரு. பேசிக் அதுல பாதின்னு வச்சுக்கோ, 2 லட்சம். கம்பெனி உனக்குக் கட்டுத பிஎஃப் 12 சதவீதம், 24,000. அதுவும் அந்த 4 லட்சத்துக்குள்ளதான். நீ கட்டுத பிஎஃப் இன்னொரு 24,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 9,620. வேரியபிள் பேன்னு 40,000 போட்டிருப்பான். அது வந்தா வரும், வராட்டி அடுத்த வருசம் பாப்போம்பான். மிச்சத்தை வகுத்தா மாசம் 25,000 சொச்சம். இதுல எனக்குச் சிரிப்பு வந்த எடம் கிராஜுவிட்டி. பெர்மனென்ட் ஆளு 5 வருசம் இருந்தாத்தான் அது கைக்கு வரும். நீ பதினெட்டு மாசத்துக்கு ஒரு கம்பெனி தாவணும்னு திட்டம் போட்டிருக்க. அப்ப அந்தத் துட்டு உன் சம்பளத்துல எழுதியிருக்கும், கம்பெனி பெட்டியில இருக்கும். தாவுறதுதான் தாவுற, 90 நாள் நோட்டீஸ் பீரியடுங்கிற வரியையும் படிச்சிட்டுத் தாவு.

தாவுறதுக்கு ரெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸ் போலியாப் போட்டுத் தாரேன்னு ஒருத்தன் சொன்னானாம். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: அந்த ரெண்டு வருசத்துக்கு யூஏஎன்ங்கிற பிஎஃப் நம்பர்ல துட்டு கட்டுன கணக்கையும் சேத்துத் தருவியான்னு. ஆளு அதுக்குப் பொறவு போனை எடுக்க மாட்டான்.

அமெரிக்காவா? ஹெச்-1பி விசா வருசத்துக்கு 65,000, அங்க மேல்படிப்பு படிச்சவனுக்கு இன்னொரு 20,000. அதுக்கு மேல ஆளு வந்தா குலுக்கல். போதாதுன்னு 2025 செப்டம்பர்ல ட்ரம்பு, வெளியில இருந்து புதுசாக் கூப்பிடுத ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு உத்தரவு போட்டாரு. லாட்டரிச் சீட்டைத் திட்டத்துல அஞ்சாம் வருசம்னு தேதி போட்டு எழுதுன மொத ஆளு நீதாம்லே. எழுதிக்கோ. ஆனா பென்சில்ல எழுது.

ஏழாம் வருசம் மேனேஜர் ஆனதும் கோடு எழுதுறதை விட்டுரணும்னு வேற குறிச்சிருக்க. 2025 ஜூலையில டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல கழிக்கப் போறோம்னு சொல்லிச்சே, அதுல பெரும்பாலும் நடுமட்டமும் மேல்மட்டமும்தான். கையில தொழில் இல்லாம மீட்டிங் மட்டும் வச்சிருந்தவன் அடுத்த எடத்துல என்னத்தைக் காட்டுவான்? ஸ்ரீதர் வேம்பு, நம்ம தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் போட்ட ஜோஹோக்காரரு. அந்த மனுசன் 2025 ஜனவரியில சிஇஓ நாற்காலியை விட்டுட்டு ஆராய்ச்சி பாக்கப் போறேன்னு எறங்குனாரு. முதலாளியே பட்டறைக்குத் திரும்புறாரு, நீ பட்டறைக்குள்ள காலெடுத்து வைக்கதுக்கு முந்தியே வெளிய வார தேதியைக் குறிச்சிருக்க. அதே கம்பெனி பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளைக் கூட்டியாந்து படிக்கவும் வச்சு, உதவித்தொகையும் குடுத்து, வேலைக்கும் எடுக்கு. நாலு வருச இஞ்சினியரிங் முடிச்ச நீ அந்தப் பிள்ளைகளோட இன்டர்வியூவுல போட்டி போடணும். பயமுறுத்தல, பக்கத்து ஊருத் தகவல் சொல்லுதேன்.

கடைசியா ஒண்ணு. உன் படிப்புக் கடன் ஏழரை லட்சத்துக்குள்ள, அதனால பேங்குல சொத்து அடமானம் கேக்கல. உங்கப்பனும் சேந்து கையெழுத்துப் போட்டிருக்கான். படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் தவணை கிடையாதுன்னு நீ நிம்மதியாத் தூங்குத, வட்டி மட்டும் தூங்காம ஏறிக்கிட்டு இருக்கு. மொத சம்பளத்துல எனக்கு வேட்டி எடுத்துத் தாரேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாம். வேட்டி ரெண்டு இருக்கு, கிழியல. அந்தத் துட்டைக் கொண்டுபோயி பேங்குல கட்டு.