பசை வேண்டாத புராஜெக்ட்

இயற்கைப் பொருள்களைக் கொண்டு கைவினை செய்துவர வேண்டுமென்று யு.கே.ஜி. படிக்கும் மகளுக்குப் பள்ளியில் உத்தரவு. வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: காய்ந்த இலை, பூ, விதை, கூடவே சார்ட், தெர்மாகோல், கிளிட்டர், ஃபெவிகால். இயற்கை மூன்று, கடைச்சரக்கு நான்கு. நடுராத்திரி வரை மயிலுக்குத் தோகை ஒட்டியது நான். கணவர் ஆலோசகர். புராஜெக்டுக்குச் சொந்தக்காரி எப்போதோ தூங்கிவிட்டாள்.

மே மாதம் திருச்செந்தூர்ப் பக்கம் ஊருக்குப் போனபோதுதான் பசையே இல்லாத பாடத்திட்டம் ஆரம்பமானது. ஆசிரியர் என் அப்பா. பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. மத்தியானத் தூக்கத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஓலைக் காற்றாடிக்கு அச்சாணி கருவேல முள்.

உச்சம், நுங்கு வண்டி. பனையில் ஆண்மரம் காய்க்காது. (புராஜெக்ட் ராத்திரியில் எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான்.) பெண்பனைக் குலையிலிருந்து ஒரே அளவில் இரண்டு காய் பொறுக்கி, சுளையைப் பெருவிரலால் நோண்டித் தின்றுவிட வேண்டும். வெறுங்காய் இரண்டையும் ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகினால் சக்கரம் ரெடி. நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ள வேண்டியதுதான்.

"தாத்தா, பிரேக் எங்க?"

"கம்ப விட்டுட்டா தானா நின்னுரும் தாயி."

மறுநாள் காலையில் வண்டியைப் பசுமாடு தின்றுவிட்டது. அவள் அழுது முடிப்பதற்குள் அப்பா அடுத்த வண்டிக்கு அரிவாளை எடுத்துவிட்டார். எந்த கம்பெனி இப்படி சர்வீஸ் தருகிறது?

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணியைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தச் சிவப்பு அழகுக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கோப்பதற்காகத் துளை போட்ட மணியென்றால் ஆபத்து இன்னும் அதிகம். எருக்கம்பூ பறிக்கும்போது பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பனை இல்லையென்றால் கவலை வேண்டாம். சீசனில் ரோட்டோரம் நுங்கு வாங்கும்போது, சுளையோடு ஒரே அளவில் இரண்டு வெறுங்காயும் கேட்டு வாங்குங்கள். வியாபாரிக்கு அது குப்பை, சும்மாவே தருவார்.