பெரியம்மாவுக்கு, பூனை விஷயமாக

ஈசூன், சிங்கப்பூர்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே நான், உங்கள் மருமகள், பேத்தி எல்லோரும் நலம். அங்கே பெரியப்பாவின் முழங்கால், உங்கள் சர்க்கரை, குறுவை அறுப்பு மூன்றும் நலமா என்று அறிய ஆவல். புது ஆற்றில் தண்ணீர் முறை வைக்காமல் வருகிறதா என்றும் எழுதுங்கள்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் உங்கள் மருமகள் போனை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஆமாம், காசு கொடுத்துத்தான் பூனை எடுத்து வந்தோம். "ஏண்டா, நம்ம வைக்கப்போர்ல நாலு குட்டி கெடக்கு, சாக்குல போட்டு அனுப்பியிருப்பேனே" என்றீர்கள். அனுப்பியிருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். எவ்வளவு கொடுத்தேன் என்பதை மட்டும் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை டி.ஏ.பி. உரம் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் ராத்திரி தூங்கமாட்டார்.

அது பூனையின் விலை இல்லை, பெரியம்மா. தெருவில் கிடந்ததைக் காப்பகத்துக்காரர்கள் தூக்கி வந்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பல்லைப் பார்த்து, தோளுக்கு நடுவே தோலுக்கடியில் ஒரு சிப் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சிப் ஓர் அரிசி அளவுதான். என்ன அரிசி என்று பெரியப்பா கேட்பார். ஆடுதுறை 37 மாதிரி குண்டு இல்லை, பாசுமதியைவிட நீளம் என்று சொல்லுங்கள். அதற்குள் 15 இலக்க எண் இருக்கிறது. பூனை தொலைந்துபோனால் ஒரு கருவியைக் காட்டி அந்த எண்ணைப் படித்து, யார் வீட்டுப் பூனை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் இந்த ஊருக்கு வந்தபோது கைரேகை எடுத்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், அவ்வளவுதான். என் பல்லை யாரும் பார்க்கவில்லை.

காப்பகங்கள் பல சுங்கை தெங்கா பக்கம் இருக்கின்றன. தீவின் மேற்கே, கொஞ்சம் பண்ணைகள் மிச்சமிருக்கிற மூலை. 1947இல் தொடங்கிய எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் இப்போது அங்கேதான். நாங்கள் போனது அதே வட்டாரத்தில் வேறு ஒரு சின்ன இடம். போனோம், பிடித்தோம், வந்தோம் என்று நினைத்திருந்தேன். உட்காரவைத்துவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லுக்குள் கருவியை விட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்களே, அந்த முகத்தோடு ஒரு சீன அம்மா எதிரே உட்கார்ந்தார்.

வீட்டில் எத்தனை பேர், எல்லோருக்கும் சம்மதமா, யாருக்காவது மூச்சிரைப்பு உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சோபாவைக் கீறினால் என்ன செய்வீர்கள், பிள்ளையின் பரீட்சை நேரத்தில் நோட்டின் மேல் படுத்தால் என்ன செய்வீர்கள். நீங்கள் நினைப்பது சரி, எல்லாவற்றுக்கும் உங்கள் மருமகள்தான் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வியை மட்டும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "வேலை போய், இந்த நாட்டைவிட்டுப் போகும்படி ஆனால் பூனையை என்ன செய்வீர்கள்?"

கூடவே கூட்டிப்போவேன் என்றேன். எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார். பெரியம்மா, நான் திருச்சியில் விமானம் ஏறிய அன்று நம் வீட்டில் படுத்த படுக்கையாக அப்பாயி, இரண்டு மாடு, கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் எல்லாம் இருந்தன. இவற்றையெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்கள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் 2015 கடைசியிலும் 2016இலும் எங்கள் ஈசூனிலேயே பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்லப்பட்டுக் கிடந்தன. ஓர் ஆளுக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. அதைப் பார்த்தவர்கள் யாரிடமும் பூனையைச் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டார்கள். அடுத்த வாரம் அதே அம்மா வீட்டுக்கே வந்து, ஜன்னல்களுக்கு நாங்கள் அடித்திருந்த வலையை விரலைவிட்டு இழுத்துப் பார்த்தார். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. பூனைக்கு ஒன்பது உயிர் என்று வெள்ளைக்காரன்தான் சொல்கிறான், இந்த அம்மா நம்பவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். எங்களுடையது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி, இங்கே வீவக வீடு என்பார்கள். இதில் பூனையே வளர்க்கக்கூடாது என்று 1989 முதல் விதி இருந்தது. பிடிபட்டால் 4,000 வெள்ளி வரை அபராதம். ஆனாலும் ஆளாளுக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பூனையை மறைத்து வைத்திருந்தார்கள். போன வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்துதான் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. உரிமம் எடுக்கவேண்டும், சிப் வைக்கவேண்டும், முதல்முறை வளர்ப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பாடமும் படித்து முடிக்கவேண்டும். ஒளிந்திருந்த பூனைகளுக்கெல்லாம் 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். நம் பக்கத்து ஆட்கள் விசா முடிந்து மலேசியாவில் மாட்டிக்கொண்டு, பொதுமன்னிப்பு எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? இங்கே பூனைகளுக்கு வந்துவிட்டது.

பேத்தி உண்மையில் கேட்டது நாய். அதற்கு இன்னும் சட்டதிட்டம் அதிகம். வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் சின்ன ரகமாகப் பட்டியலில் உள்ள 62 வகையில் ஒன்றாக இருக்கவேண்டும். வாயில் நுழையாத பெயர்கள். ராஜபாளையம் கிடையாது, சிப்பிப்பாறை கிடையாது, கோம்பை கிடையாது. மடியில் உட்காரும் சைஸ்தான் எல்லாம். காப்பகத்திலிருந்து நாட்டுநாய் எடுப்பதற்கு 2012இல் தனியாக ஒரு வழி திறந்தார்கள். அதிலும் தோள்பட்டை உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். முழக்கணக்கில் கிட்டத்தட்ட ஒரு முழமும் அரைச் சாணும். நம் செவலை நாயை நிற்கவைத்து அளந்து பாருங்கள், தேறினாலும் தேறும். குரைப்பில் தேறாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் களத்துமேட்டைப் பார்த்து அவன் குரைக்கிற குரைப்பு இங்கே கேட்டால் பதினாறு மாடியும் விளக்கைப் போட்டுவிடும்.

ஆகவே பூனை. காப்பகத்தில் அதற்கு மோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள், ஜப்பான் பலகாரமாம். நீங்கள் போனில் மொச்சை மொச்சை என்று கூப்பிட்டீர்கள், அது திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து மொச்சைதான்.

மொச்சையின் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பெரியப்பா கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதுகிறேன். சால்மன் மீன் பாக்கெட். அதன் மேலே பெரிய எழுத்தில் "தானியம் கலக்காதது" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், அதற்காகவே விலை கூட. சோழநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கின மண்ணிலிருந்து வந்தவன், அரிசி இல்லை என்பதற்காக இரண்டு வெள்ளி அதிகம் கொடுக்கிறேன். அங்கே வடித்த சோற்றில் மீன் குழம்பு சட்டியைக் கழுவி ஊற்றினால் வாலைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டுப் போகும் பூனையையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது மண். வீட்டுக்குள்ளேயே ஒரு டப்பாவில் அதற்குக் கக்கூஸ், அதில் நிரப்ப மண் கடையில் பை பையாக விற்கிறது. கொள்ளிடத்து மணலுக்கு லாரி லாரியாக நடக்கும் கூத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே இது புதுசு. இப்போது அதுவும் நாகரிகமாகி, சோயா பீன்ஸ் சக்கையில் செய்தது வந்திருக்கிறது. தட்டில் தானியம் கூடாது, கக்கூஸில் சோயா வேண்டும். நான் ஒன்றும் பேசுவதில்லை, அள்ளிக் கொட்டுவது மட்டும் என் வேலை.

எலி பிடிக்குமா என்று கேட்டீர்கள். எலியை அது டிவியில்தான் பார்த்திருக்கிறது. நம் வயலில் மூங்கிலை வளைத்துத் தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிப்பதை வீடியோவில் காட்டினேன், சோபாவுக்கடியில் போய்விட்டது. சகுனம் பார்க்கும் வழக்கத்தையும் இங்கே நான் விட்டாயிற்று. இந்த வீட்டில் படுக்கையறையிலிருந்து வாசல்வரை பத்து எட்டு, அதற்குள் மூன்று தடவை குறுக்கே போகிறது. நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் வேலை போய்விடும். போனால் பூனையோடு ஊருக்கு வரவேண்டும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பேத்திக்கு ஒரு சந்தேகம். செவலை யாருடைய நாய் என்று கேட்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் நம் வீட்டுப் பழைய சோறு, மதியம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மிச்சம், ராத்திரி டீக்கடை பன். அவனுக்குப் பெயர் வைத்தது யார் என்றே தெரியாது. ஊரே வளர்க்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு இன்றைக்கும் பிடிக்கும், இங்கே பூனைக்காகப் படிவம் நிரப்பினவன் என்பதால் இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது. ஆனால் அவனுக்கு ஊசி போடுவது யார் என்று அடுத்த கேள்வி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊரே வளர்க்கிற நாயை ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதில்லை.

சிங்கப்பூரில் 1953இலிருந்து வெறிநோயே கிடையாது. நமக்கு அப்படி இல்லை. பெரியப்பாவுக்குப் பத்து வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! குன்னூரில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. அதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆனால் நாய்க்கு முதலிலேயே போட்டுவிட்டால் மனிதனுக்கு அந்தப் பயமே வேண்டாம். இது வெளிநாட்டுப் புத்தி என்று சொல்லிவிடாதீர்கள். சென்னையில் கேப்டன் சுந்தரம் என்ற விமானி 1959இல் ஆரம்பித்த புளூ கிராஸ், 1964இலிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு விட்டுக்கொண்டிருந்தது. நாய்களைக் கொல்வதை விட்டு அந்த வழிக்குவர மாநகராட்சிக்குத்தான் 1996 ஆனது. போன மாதம் டெல்லி நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும் பதினோரு நாளில், ஆகஸ்ட் 22ஆம் தேதி, அதை மாற்றி, ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர என்று சொல்லிவிட்டது. எவ்வளவு பெரிய காப்பகம் கட்டினாலும் ஒரு நகரத்து நாய் முழுக்க அடங்குமா? பெரியப்பாவுக்கே இது புரியும்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம். அறுப்பு முடிந்ததும் செவலையை அங்கே கூட்டிப்போய் ஊசி போட்டுவிடுங்கள், செலவு நான் அனுப்புகிறேன். சீட்டு எழுதும்போது நாய் யாருடையது என்று கேட்பார்கள். பெரியப்பா, "அது தெருநாய், நம்ம நாய் இல்ல" என்பார். திண்ணையில் அவர் காலடியில் படுத்திருப்பதையும், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் தயிர்சாதத்தில் பாதியை யார் கீழே தள்ளுகிறார் என்பதையும் நான் நேரில் பார்த்தவன். அவர் பெயரையே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தும் அவரே போடட்டும்.

மற்றவை அடுத்த கடிதத்தில். பெரியப்பாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை

பி.கு.: மொச்சைக்கு என்று நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உப்பு அதற்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டாம், வருகிற ஆளிடம் அப்படியே கொடுத்தனுப்புங்கள். எனக்கு எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை.