ஆள் தேவை: குண்டுக்குக் குறுக்கே நிற்க

சிகாகோ நகரின் மேற்கு, தெற்குப் பகுதிகளுக்கு உடனடியாக ஆட்கள் தேவை. அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவராக இருக்க வேண்டும். சிறை சென்றவர் விண்ணப்பிக்கலாம். கும்பலில் பெயரெடுத்து, பிறகு திருந்தியவர் என்றால் இன்னும் நல்லது. அண்ணனைச் சுட்டவனைச் சுடக் கிளம்பிவிட்ட பதினாறு வயதுப் பையனின் எதிரே நள்ளிரவில் போய் நின்று, பேசியே அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கும். உங்களிடம் இருக்கக் கூடாது. போலீசுக்குத் துப்புக் கொடுக்கவும் கூடாது; கொடுத்தால் மறுநாள் தெருவில் உங்களை எவரும் நம்ப மாட்டார்கள். மானியம் உள்ளவரை சம்பளம் உண்டு.

விளம்பரம்தான் என் கற்பனை, வேலை நிஜம். 'இன்டரப்டர்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்களோடு போராடிவிட்டு ஊர் திரும்பிய கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், துப்பாக்கிச் சூடும் காலராவைப் போலத்தான் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்றார். அந்த எண்ணத்தில் 2000இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பழிக்குப் பழி என்று கிளம்புகிறவனை வழியிலேயே மறிக்க வேண்டும். அவன் யார் பேச்சைக் கேட்பான்? மேயர் பேச்சையா? அதே மூலையில் நின்று, அதே தப்பைச் செய்து, பத்துப் பதினைந்து வருஷம் கம்பி எண்ணிவிட்டு வந்தவன் பேச்சைத்தான் கேட்பான்.

கேட்காமலும் போகலாம். பால்டிமோரில் 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் இந்த வேலையைப் பார்த்தவர்களில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைவர்கள் வழக்கம்போல இரங்கலும் பிரார்த்தனையும் அனுப்பினார்கள். அந்த நாட்டில் ஒருபோதும் தட்டுப்பாடு வராத சரக்கு அது ஒன்றுதான். மன்னிக்கவும், இன்னொன்றும் இருக்கிறது.

அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது? சிகாகோவில் பிடிபட்ட துப்பாக்கிகளில் ஐந்தில் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவில் விற்றது என்று 2017இல் நகர நிர்வாகமே அறிக்கை வெளியிட்டது. காரில் ஏறினால் எட்டிவிடும் தூரம். அந்த இண்டியானாவிலுள்ள கேரி நகரம் 1999இல் துப்பாக்கி நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. கால் நூற்றாண்டு இழுத்தும் வழக்கு சாகவில்லை. பார்த்தது மாநிலச் சட்டமன்றம். நகரங்கள் இப்படி வழக்குப் போடவே கூடாது என்று 2024இல் ஒரு சட்டம் இயற்றி, அது 1999 ஆகஸ்டிலிருந்தே செல்லும் என்று முன்தேதியும் போட்டுக்கொண்டது. செத்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்தேதியிட்டு உயிர் கொடுக்க எந்தச் சட்டமன்றத்துக்கும் அதிகாரமில்லை, பாவம்.

கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியை முதலில் வாங்கியவர் யாரென்று தேட, மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்று உண்டு. கடையை மூடியவர்கள் அனுப்பிய விற்பனைச் சீட்டுகள் அங்கே பெட்டி பெட்டியாகக் குவிகின்றன. செவ்வாய்க்கு வண்டி அனுப்பிய நாடு, வாங்கியவரின் பெயரைத் தட்டினால் சீட்டு வந்து நிற்கும்படி அதைக் கணினியில் ஏற்றவில்லை. முடியாமல் அல்ல, சட்டம் விடாததால். விஞ்ஞானிகள் வாயையும் முன்பே கட்டியாயிற்று. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக ஒரு காசும் செலவிடக் கூடாது என்று 1996இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு உத்தரவு போனது. துப்பாக்கிக் காயங்களை ஆராய அந்த மையம் செலவிட்டுவந்த 26 லட்சம் டாலரும் பறிபோனது. அந்த ஆராய்ச்சிக்கென்று மறுபடி பணம் ஒதுக்க இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்கச் சிறுவர்களையும் பதின்வயதினரையும் அதிகம் கொல்வது எது என்ற பட்டியலில் கார் விபத்தையும் முந்தித் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

பிள்ளையைக் கிள்ளிவிடுகிறவர்களே தொட்டிலை ஆட்டவும் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். அந்தக் கூலியாவது ஒழுங்காக வருகிறதா? 2007இல், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் திட்டத்துக்கான பணத்தை நிறுத்தியது. 2015இல் பட்ஜெட் சண்டையில் மறுபடி நின்றது. அடுத்த ஆண்டு சிகாகோவில் 750 பேருக்கு மேல் கொலையானார்கள். அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். எரிகிற வீட்டில் தண்ணீர் வண்டியைத் திருப்பி அனுப்பிய கெட்டிக்காரத்தனத்தை மட்டும் சொல்கிறேன்.

சிகாகோவில் 2021இல் எண்ணூறை ஒட்டியிருந்த கொலைகள் 2024இல் அறுநூறுக்குக் கீழே இறங்கின. பரிசு வர வேண்டாமா? வந்தது. 2025 ஏப்ரலில் மத்திய நீதித்துறை, ஏற்கெனவே கொடுத்திருந்த சுமார் 80 கோடி டாலர் மானியங்களை ஒரேயடியாக ரத்து செய்தது. தெருவில் இறங்கிச் சமாதானம் பேசும் பல அமைப்புகளின் பணமும் அதில் போயிற்று. துறையின் முன்னுரிமைகளோடு உங்கள் பணி இப்போது பொருந்தவில்லை என்று கடிதம்.

முன்னுரிமை யாருக்கு என்று அவர்கள் ஒளிக்கவே இல்லையே. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: தயாரித்து விற்ற துப்பாக்கியால் எவன் எவனைச் சுட்டாலும், சில விதிவிலக்குகள் தவிர, தயாரித்தவர்மீதோ விற்றவர்மீதோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. குண்டு துளைக்காத சட்டையை அமெரிக்க நாடாளுமன்றம் அளவெடுத்துத் தைத்துப் போட்டிருப்பது அவர்களுக்குத்தான்.