சிகாகோப் பேரனுக்குத் தாத்தன் சொல்ற புத்தி

ஏன் அப்புனு, இன்னுமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கற? 2024-ல உன்ற ஒயிட் சாக்ஸ் டீமு 162 ஆட்டம் ஆடி 121 தோத்துச்சு. 1901-க்கு அப்பறம் அமெரிக்காவுல எந்தப் பெரிய லீக் பேஸ்பால் டீமும் ஒரே வருசத்துல இத்தன தோத்ததில்லயாம். இது சாதனை இல்லாம வேறென்ன? வருசா வருசம் எவனோ ஒருத்தன் கோப்பையத் தூக்கறான், நாலு வருசத்துல அவன் பேரு மறந்துபோயிருது. உங்காளுக பேரை அழிக்கோணும்னா இன்னொருத்தன் 122 தோக்கோணும். லேசுப்பட்ட காரியமா?

அதுவும் என்ன ஒழுங்கா தோத்தாங்க! மொத 25 ஆட்டத்துல 22 போச்சு. ஜூலை 10-ல ஆரம்பிச்சு வரிசையா 21 தோல்வி. ஆகஸ்ட் 6-ல ஓக்லண்டுல எப்படியோ கைதவறி ஒண்ணு ஜெயிச்சுட்டாங்க. மூணாம் நாளு மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலுக்கு வேலை போச்சு. 21 தோக்கற வரைக்கும் பொறுத்தவங்க, ஒண்ணு ஜெயிச்சதும் அனுப்பிப்போட்டாங்க. எனக்கென்னமோ அந்த ஒரு வெற்றிதான் மொதலாளி மனசப் புண்படுத்தியிருக்கோணும்னு தோணுது.

அந்த மொதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபைத் திட்டாத கண்ணு. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே, மார்ச்சுல, டிலன் சீஸுங்கற நல்ல பிட்சரை சான் டியேகோவுக்குத் தாட்டி உட்டாரு. கறவ மாட்டை வித்துப்போட்டு மோருக்குச் சொம்பு தேடற கதைன்னு நீ சொல்லுவ. ஜூலை 25-ல, உங்காளுக தோத்துக்கிட்டே இருந்த அதே வாரத்துல, அந்தப் பையன் வாஷிங்டன் டீமுக்கு ஒரு ஹிட்டு கூடக் குடுக்காம ஆட்டத்தை முடிச்சான். டிவியில பாத்து உங்க மொதலாளியும் கை தட்டியிருப்பாருன்னு வெச்சுக்க.

மைதானத்து மேல கூட ஒளிவுமறைவில்லாம எழுதித்தான் வெச்சிருந்தாங்க. மைதானத்துக்குத் தன் பேரை வெக்கற உரிமைய வாங்கின கம்பெனியோட சின்னமே கீழ பாத்த செவப்பு அம்பு! டிக்கெட்டு எடுக்கறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாத்திருந்தா உனக்குக் காசு மிச்சம்.

வயசு விசயத்துக்கு வாறன். 2020-ல டோனி லா ரூசாவ மேனேஜராக் கொண்டாந்தப்ப 76 வயசுக் கெழவன்னு ஊரே சிரிச்சுதே, நீயுந்தான சிரிச்ச? அந்தக் கெழவன் அடுத்த வருசமே 93 ஆட்டம் ஜெயிச்சு டிவிசனைப் புடிச்சுக் குடுத்தான். ஒடம்பு முடியாம 2022-ல அவன் வெலகினான். பொறவு ஐம்பது தாண்டின சின்னப் பையன் கிரிஃபோல் வந்தான், 2023-ல 101 தோல்வி, அதுக்கப்பறம் நடந்தது உனக்கே தெரியும். நான் ஒண்ணும் சொல்லலப்பா.

உங்களுக்கு முன்னாடி பட்டம் வெச்சிருந்த நியூயார்க் மெட்ஸும் கெழவனோட டீமுதான். 1962, புது டீமு, 120 தோல்வி. கேசி ஸ்டெங்கல் யாங்கீஸுக்கு 7 கோப்பை வாங்கிக் குடுத்த மனுசன். 70 வயசாச்சுன்னு 1960-ல அவங்க கழட்டி உட்ட பொறவு, பொறந்தும் பொறக்காத மெட்ஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. அங்க மார்வ் த்ரோன்பெரின்னு ஒருத்தன். ஒரு நாளு ஓங்கி அடிச்சுப்போட்டு மூணாவது பேஸ் வரைக்கும் ஓடினான். மொத பேஸை மிதிக்கலன்னு அம்பயர் அவுட்டு குடுத்தாரு. ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்பினப்ப, ரெண்டாவதையும் மிதிக்கலைங்கன்னு அவரு ஆளே காதக் கடிச்சான்னு சொல்லுவாங்க. ஜனங்க அந்த வருசம் 9 லட்சத்துக்கு மேல வந்து சிரிச்சுட்டுப் போனாங்க. டாட்ஜர்ஸும் ஜெயன்ட்ஸும் 1957-ஓட ஊரை உட்டுட்டுக் கலிபோர்னியாவுக்குப் போன கடுப்புல இருந்தவங்களுக்கு, தோத்தாலும் நம்மது நம்மதுதான். 1969-ல அதே மெட்ஸ் வேர்ல்டு சீரிஸ் கோப்பையத் தூக்குச்சு.

உடனே 2031-ல நமக்கும் கோப்பைன்னு கணக்குப் போடாத. மெட்ஸ், மத்தவங்க கழிச்சுக் கட்டின ஆளுகள வெச்சு ஆடுச்சு. உன்ற டீமு, இருந்த நல்ல ஆளுகளத் தானே கழிச்சுக் கட்டுச்சு. அதனாலதான் அங்க சிரிப்பு, இங்க "டீமை வித்துத் தொலை"ன்னு கூச்சல். கடைசி வாரம் ஏஞ்சல்ஸை மூணு ஆட்டமும் அடிச்சாங்களே, அப்பக்கூட உங்க ஊரு ஜனங்க ஊளையிட்டாங்களாம். பாவம், சாதனை தள்ளிப்போகுதேன்னு அவங்களுக்கு வருத்தம்! டெட்ராய்ட்ல செப்டம்பர் 27-ல 121-வது தோல்வியோட அந்தச் சாதனை முடிஞ்சதும் கடைசி ரெண்டையும் ஜெயிச்சுட்டாங்க. பாரம் எறங்கிருச்சு பாரு.

இத்தன தோத்ததுக்காவது புதுப் பையன்களை எடுக்கறப்ப மொத எடம் கெடைக்கும்னு நம்பின. அதுவும் இல்ல. மத்த டீமுகளுக்குப் பங்கு குடுக்கற பணக்கார டீமுக்கு மொத எடங்களுக்குக் குலுக்கற லாட்டரியில ரெண்டு வருசம் தொடர்ந்து எடமில்லைங்கறது சட்டம், உங்களுக்கு முந்தின வருசமே ஒருக்கா கெடைச்சாச்சு. அதனால 2025-ல 10-வது எடந்தான். 121 தோத்தும் தோத்ததுக்கான கூலி கெடைக்காத டீமை, அப்புனு, நான் இப்பத்தான் கேள்விப்படறன்.

2025-ல 102 தோல்வி, 19 கொறஞ்சிருச்சுன்னு போன்ல குதிச்சயே, குதி குதி. வாரப்ப அந்த ஒயிட் சாக்ஸ் சட்டை ஒண்ணு வாங்கிட்டு வா. சோளக்காட்டுப் பொம்மைக்குப் போட்டு உடறன். மைனா பயப்படாது, ஆனா பாவம் பாத்துப் பக்கத்துக் காட்டுக்குப் போயிரும்.