டிராஃப்ட் அண்ணாச்சி

தூத்துக்குடியில் உப்புக்கும் இங்கிலீஷுக்கும் பஞ்சம் வந்ததில்லை. உப்பு அளத்தில் விளைகிறது. இங்கிலீஷ், கப்பல் ஏஜென்சி ஆபீஸ்களில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற அண்ணாச்சிமாரிடம் விளைகிறது. முன்னதை மூட்டை கட்டி லாரியில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பிவிடலாம். பின்னதை உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்து கேட்டுத் தீர்க்க வேண்டும்.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பொதுப்பெயர் டிராஃப்ட் அண்ணாச்சி. தெருவுக்கு ஒருவர் உண்டு. பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் இரண்டு பேர். கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நீலம், தான் எழுத. சிவப்பு, அடுத்தவன் எழுதியதைத் திருத்த. சிவப்பில்தான் மை சீக்கிரம் தீரும். காலையில் டீக்கடையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்தால் மற்றவர்கள் செய்தி படிப்பார்கள், இவர் பிழை படிப்பார். உலகத்தின் எந்த மூலையில் போர் மூண்டாலும் இவருடைய கவலை, தலைப்பில் ஒரு ‘தி’ விட்டுப்போனதைப் பற்றித்தான்.

ஒவ்வொரு டிராஃப்ட் அண்ணாச்சிக்கும் உயிருக்கு உயிரான சொல் ஒன்று இருக்கும். பக்கத்துத் தெருக்காரருக்கு அது ‘கைண்ட்லி’. எங்கள் தெருக்காரருக்கு ‘ரீப்ளேஸ்’. இது தெரியாமல்தான் நான் போய் மாட்டினேன்.

எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரில் விரிசல் விட்டிருந்தது. வாரன்டி முடிய நாலு நாள் இருந்தது. “சும்மா கொண்டுபோனா அலைக்கழிப்பான். இங்கிலீஷ்ல ஒரு லெட்டரோட போங்க” என்றாள் வீட்டுக்காரி. அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

“ஜாரை மாத்தித் தரச் சொல்லி நாலு வரி எழுதித் தாங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

“மாத்தணும்னா என்ன அர்த்தத்துல கேக்கீரு?”

“மாத்தணும்னா மாத்தணும்தான்.”

“அதத்தாம்வே கேக்கேன். ரீப்ளேஸா, சப்ஸ்டிட்யூட்டா, எக்ஸ்சேஞ்சா?”

“எல்லாம் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ணைப் போடுங்க.”

கோயில் கொடைக்குச் செருப்புக் காலோடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஏதாவது ஒண்ணா? உமக்கு மக்ரூன் பிடிக்குமா?”

பிடிக்கும் என்றேன். தூத்துக்குடிக்காரன் வேறென்ன சொல்வான்?

“சீமையில மக்ரூனை பாதாம்ல செஞ்சான். நம்ம ஊர்ல முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக் கரு. முந்திரியை பாதாமுக்கு சப்ஸ்டிட்யூட் பண்ணியாச்சு. இதையே ரீப்ளேஸ் போட்டுச் சொன்னா பாதாம் முன்னால வரணும், ‘வித்’ போட்டு முந்திரி பின்னால வரணும். சப்ஸ்டிட்யூட்ல புதுசு முந்தி, ‘ஃபார்’ போட்டுப் பழசு பிந்தி. அந்தக் காலத்து பேக்கரிக்காரன் வரிசையை மாத்தி எழுதியிருந்தாம்னா இன்னிக்கு நாம காகிதக் கூம்புல பாதாம் தின்னுக்கிட்டு இருப்போம்.”

அந்த முந்திரியே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியன் கப்பலில் வந்தது என்று தொடங்கி, அவர் பேச்சு கொல்லாமரத் தோப்புகளைச் சுற்றி முடிவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. முதல் நாள் கணக்கு முடிந்தது. லெட்டரில் ‘டியர் சார்’ மட்டும் இருந்தது. அதிலும் ‘டியர்’ தேவையா என்று யோசிக்க அவகாசம் கேட்டார்.

மறுநாள் போனபோது ரெஜிஸ்டர் கதை. ஆபீஸ் அலமாரியில் இவர் ஒரு அட்டை ஒட்டி வைத்திருந்தாராம். ‘பார்த்து முடித்ததும் ரெஜிஸ்டரை ரீப்ளேஸ் செய்யவும்.’ முழுக்க இங்கிலீஷில். புதிதாகச் சேர்ந்த பையன் சொன்ன சொல் தட்டாதவன். ஒவ்வொரு தடவை பார்த்து முடித்ததும் பழைய ரெஜிஸ்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ஒரு மாதத்தில் ஏழு ரெஜிஸ்டர். பில் மேனேஜரிடம் போயிற்று.

“நான் என்ன தப்பா எழுதிட்டேன்? ‘ரீ’ன்னா திரும்ப. ‘பிளேஸ்’னா இடம். எடுத்த இடத்துல திரும்ப வை. அந்தச் சொல்லுக்குப் பிறவி அர்த்தமே அதுதாம்வே. பழசைத் தள்ளிட்டுப் புதுசை வைக்குறதுங்கிறது பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. டிக்ஷனரியைத் தூக்கிட்டுப் போயி மேனேஜர் மேசையில விரிச்சுக் காட்டினேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“தமிழ்ல எழுதி ஒட்டும்னாரு.” முப்பது வருஷத்துக்கு முந்திய காயம் அது. இன்னும் ஆறவில்லை என்று முகம் சொன்னது.

அப்படியே மற்ற சொற்களுக்கும் வந்தார். சப்ளாண்ட் என்றால் லத்தீனில் உள்ளங்காலைத் தட்டிவிடுவது. “நாம காலை வாருறதுன்னு சொல்லுதோம்லா, அச்சு அசல் அதேதான். எல்லா ஊர்லயும் ஆபீஸ் ஒண்ணுபோலத்தான் இருந்திருக்கு.” டிஸ்ப்ளேஸ் என்றால் இடத்தை விட்டுத் தள்ளுவது. கப்பல் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் மிதக்கிறது. கப்பல் நகர்ந்தால் தண்ணீர் பழைய இடத்துக்கு வந்துவிடும். சூப்பர்சீட் என்றால் மேலே ஏறி உட்காருவது.

“நான் ரிட்டயர்டு ஆனப்ப என் இடத்துக்கு யாரையும் போடல வே. ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வச்சான். அதுனால என்னை ரீப்ளேஸ் பண்ணினதாச் சொல்ல முடியாது. சூப்பர்சீட் பண்ணினான். நெசமாவே என் மேசை மேல ஏறித்தான் உக்காந்திச்சு.”

சிரிப்பதா வேண்டாமா என்று நான் தயங்கும்போது உள்ளேயிருந்து மதினி கருப்பட்டிக் காப்பியோடு வந்தார்கள். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. சீனியின் இடத்துக்கு உடன்குடி கருப்பட்டி வந்து பல வருஷம் ஆகிறது. டாக்டர் இரண்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்று அவரிடமும் அண்ணாச்சி வாதாடிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, இவுக பேச்சைக் கேட்டா ஜார் மக்கிப்போயிரும்” என்றார் மதினி. “எங்களுக்கெல்லாம் ‘மாத்து’ ஒண்ணே போதும். சேலை மாத்துவோம், பல்பு மாத்துவோம், நோட்டைச் சில்லறையா மாத்துவோம், வீடு மாத்துவோம். பிள்ளைய ஸ்கூல் மாத்துனா மாற்றுச் சான்றிதழ் தாறான். தங்கத்துலகூட மாத்துப் பாக்கோம். கல்யாணத்தன்னிக்கு மாலை மாத்துனோம். அத்தோட விட்டிருக்கக் கூடாது.”

“கைமாத்தை விட்டுட்டியே” என்றார் அண்ணாச்சி. “பேருதான் மாத்து. உன் தம்பி வாங்கிட்டுப் போனது இன்னும் திரும்பி வரல.”

மதினி காப்பித் தம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைத்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டாம் நாள் கணக்கும் முடிந்தது.

மூன்றாம் நாள் டீக்கடையில் பிடித்தேன். அங்கே அண்ணாச்சிக்கு ஒரு பரம எதிரி உண்டு. தனித்தமிழ் வாத்தியார். டிராஃப்ட் அண்ணாச்சி இருக்கிற தெருவில் இயற்கையே இப்படி ஒருவரையும் சமநிலைக்காகப் படைத்துவிடும்.

“ரீப்ளேஸ் ரீப்ளேஸ்னு ஏன் உயிரை விடுதீரு? எல்லா அந்நியச் சொல்லையும் தூக்கிட்டுத் தமிழை வையும்” என்றார் வாத்தியார்.

அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. “வைக்கலாம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, நாலும் போர்ச்சுகீஸ். துட்டும் கக்கூஸும் டச்சு. எல்லாத்தையும் தூக்கிட்டா உம்ம வீட்ல பூட்டு இருக்கும், சாவி இருக்காது. செவுரு இருக்கும், காத்து வராது. கையில துட்டு இருக்காது. அவசரத்துக்கு எங்க ஒதுங்குவீரு?”

“திறவுகோல், சாளரம், கழிப்பறை” என்று வாத்தியார் விரல் மடக்கினார்.

“திறவுகோலைத் தொலைச்சுட்டு வந்து திறவுகோலைக் காணோம்னு சொல்லிப் பாரும். எதிர்த்த வீட்டுக்காரன் கோலைத் தேடுவான். நாம என்ன ஓசிலயா வாங்கினோம்? ஜன்னலை வாங்கிட்டுக் கட்டுமரத்தைக் கொடுத்திருக்கோம். தோணியையும் இங்கிலீஷ்காரன் எடுத்துட்டுப் போயிருக்கான். இதுக்குப் பேரு பண்டமாற்றுவே.”

வாத்தியார் விடவில்லை. ஒரு பொருட் பன்மொழி, பல பொருள் ஒரு சொல் என்று இலக்கணம் வகுத்த மொழி இது, திவாகரம், பிங்கலம் என்று நிகண்டு செய்த மொழி என்றார். இதில் அண்ணாச்சிக்கும் உடன்பாடு. “ரோஜெட்டுன்னு ஒரு டாக்டரு இங்கிலீஷுக்குத் தெசாரஸ் போட்டது 1852. நம்மாளு வீரமாமுனிவர் சதுரகராதி முடிச்சது 1732. அதுல பொருளகராதின்னு ஒரு பகுதியே ஒரு பொருளுக்கு உள்ள பல சொல்லுக்குத்தான். நூத்தி இருபது வருஷம் முந்தி.”

“வீரமாமுனிவர் இத்தாலிக்காரர்லா அண்ணாச்சி” என்றேன்.

“முந்திரி மாதிரிதாம்வே. சப்ஸ்டிட்யூட் நல்லா அமைஞ்சா அதான் ஒரிஜினல்.”

பக்கத்தில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த பையன்களையும் விடவில்லை. பதிலுக்கு ஃபீல்டிங் செய்ய வருகிறவன் சப்ஸ்டிட்யூட், அவன் பந்து போடவும் கூடாது, மட்டை பிடிக்கவும் கூடாது. 2019-இல் லார்ட்ஸில் ஸ்மித்துக்குத் தலையில் அடிபட்டு லபுஷேன் வந்தாரே, அவர் ரீப்ளேஸ்மென்ட், அதனால்தான் மட்டை பிடித்து 59 அடித்தார். “ஐ.சி.சி.க்குத் தெரியுது. மிக்ஸி வச்சிருக்கிற உமக்குத் தெரியல” என்று என்னைப் பார்த்தார். ஊர்வழக்கம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பார்கள். நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த டீயில் முத்து வந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். “அது முத்துக்குப் பதிலு இல்ல, முத்தேதான். சிப்பிக்குள்ள தானாப் போற சங்கதியத்தான் சப்ஸ்டிட்யூட் பண்ணினான். கண்ணாடியில பண்ணி விக்கானே, அதுதான் பதிலு.” அடுத்த டீயில் வ.உ.சி. வந்தார். 1658-இல் இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்து வி.ஓ.சி. 1906-இல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவருடைய பெயரும் இங்கிலீஷில் வி.ஓ.சி. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். “போர்டை மாத்தாம ஆளை மாத்தின ஊருவே இது” என்று அண்ணாச்சி சொன்னபோது வாத்தியாரே தலையாட்டினார். அந்த டீக்கான துட்டையும் நான்தான் கொடுத்தேன்.

நாலாம் நாள் மாலை நாலரை மணிக்கு லெட்டர் கைக்கு வந்தது. ஒரு ஜாருக்கு இரண்டு பக்கம். நடுவில் அடிக்கோடிட்டு ஒரே ஒரு வினை. சப்ஸ்டிட்யூட் போட்டால் வேறு மாடலைத் தலையில் கட்டிவிடுவானாம். எக்ஸ்சேஞ்ச் போட்டால் மேற்கொண்டு பணம் கேட்பானாம். ஆதலால் ரீப்ளேஸ். ஆட்டோ பிடித்து ஓடினேன். சர்வீஸ் சென்டர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய் ஜாரையும் லெட்டரையும் கொடுத்து ரசீது வாங்கினேன்.

மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. பிரித்தேன். ஜார் இருந்தது. அதே ஜார். அதே விரிசல். அடியில் வீட்டுக்காரி அரைத்த மஞ்சளின் கறைகூட அப்படியே. கூடவே ஒரு சீட்டு. அதில் இங்கிலீஷில் இரண்டே சொல், ‘ஜார் ரீப்ளேஸ்டு’.

சீட்டையும் ஜாரையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன். அண்ணாச்சி சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு தரம் படித்தார். ஜாரைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

“எடுத்த இடத்துல திருப்பி வச்சிருக்காம்வே! முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தனுக்குப் புரிஞ்சிருக்கு. அந்தக் கம்பெனியில நம்மாளு ஒருத்தன் உக்காந்திருக்கான்.” சிவப்புப் பேனாவை எடுத்தார். சீட்டின் மூலையில் ஒரு சரி போட்டுவிட்டு, “இதை நான் வச்சுக்கிடட்டுமா?” என்றார்.

கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்வாசல் பக்கம் மதினி கூப்பிட்டார்கள். கையில் ஒரு பழைய ஜார்.

“எங்க பழைய மிக்ஸியோடது தம்பி. உங்களுக்குச் சேரும்னு நெனைக்கேன். மாத்திக்கோங்க.”

வீட்டில் போய்ப் பொருத்தினேன். சேர்ந்தது. தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது தெருவிலிருந்து குரல் வந்தது.

“வே, அது சப்ஸ்டிட்யூட்! மறந்துராதீரும்!”